பார்க்காமலே விரல் எப்படி எழுத்தைக் கண்டுபிடிக்கிறது?

வேகமாகத் தட்டச்சு செய்பவரிடம், "விசைப்பலகையில் 'என்' (N) எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எழுத்து?" என்று கேளுங்கள், திணறுவார். விரலோ திணறாது. ஏன்? திரும்பத் திரும்பப் பழகிய அசைவைச் சிறுமூளை போன்ற பகுதிகள் பொறுப்பேற்றுக்கொள்கின்றன. சைக்கிள் ஓட்டுவதும் இப்படித்தான்.

எப்படிப் பழகுவது? எஃப், ஜே விசைகளைத் தடவுங்கள். சிறு மேடு தட்டுப்படும். அதுதான் ஆட்காட்டி விரல்களின் வீடு. எந்த விரல் எங்கே போனாலும் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கு. 'மு' அடிக்க வலக்கை 'ம' தட்டும்போதே, இடக்கை 'உ'வுக்குத் தயாராகிவிடும்.

ஆரம்பத்தில் வேகம் வேண்டாம். தப்பாக அடித்தால் தப்பே பழகிவிடும். தினமும் கால் மணி நேரம் போதும். இரவுத் தூக்கமும் பயிற்சிதான்: பகலில் பழகியதை மூளை அப்போது உறுதிப்படுத்திக்கொள்கிறது.