மைலேஜ் எனும் கணக்கு

வடாற்காட்டின் ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் பதனிடப்பட்ட தோலை ஏற்றிச் சென்னைத் துறைமுகம் நோக்கி விரையும் லாரி ஓட்டுநர்தம் பேச்சில் 'மைலேஜ்' என்னும் சொல் நாள்தோறும் வழங்குகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் மெட்ரிக் முறை வேரூன்றியது. மைல் மறைந்தது, சொல் மறையவில்லை. நாம் கணக்கிடுவதோ லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையே.

அமெரிக்கர் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் எனக் கணக்கிடுவர். அங்கு வாழும் உறவினர் தம் கார் 30 தருகிறது என எழுதினால் நாம் மலைக்க வேண்டியதில்லை. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஓர் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். முன்னதைப் பின்னதால் வகுக்க 0.425 வரும். 30ஐ இதனால் பெருக்கினால், லிட்டருக்கு 12.75 கிலோமீட்டரே எனத் தெளியலாம். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர் ஆதலின், அதற்குரிய பெருக்கெண் 0.354 ஆகும்.

ஐரோப்பியரோ 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பர். 235.2ஐ அமெரிக்க எண்ணால் வகுத்தால் அதற்கு விடை கிடைக்கும். நம் எண்ணாயின் 100ஐ அதனால் வகுத்தல் போதும்.

செலவை உள்ளபடி காட்டுவது இம்முறையே. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தந்த மோட்டார் சைக்கிள் 50 தருமாயின், 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டரே மிஞ்சும். 4 தந்த லாரி 5 தருமாயின், 5 லிட்டர் மிஞ்சும். பத்து கூடியது பெரிதெனத் தோன்றினும், ஒன்று கூடியதே பெரும்பயன் தந்தது. ஆதலின், வண்டி ஓடும் தொலைவை மட்டும் நோக்காது, எரியும் எண்ணெயையும் எண்ணிப் பார்ப்போமாக.