ஒரு மூலை தாழ்ந்த கார்

வகுப்பறையில் மேசை ஆடினால் என்ன செய்வீர்கள்? தாளை மடித்து ஒரு காலின் அடியில் செருகுவீர்கள். முக்காலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. மேடுபள்ளமான தரையிலும் அதன் மூன்று கால்களும் பதிந்து நிற்கும். நான்காவது கால் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. காருக்கும் நான்கு கால்கள். ஆனால் அதன் உடல் விற்களின் மேல் அமர்ந்திருப்பதால் அது மேசையைப் போல ஆடாது. ஒரு மூலை தாழ்ந்து, சாய்ந்து நிற்கும்.

இந்தச் சாய்வைச் சரிசெய்வதில் உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியல் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1964-இல் உற்பத்தியைத் தொடங்கிய 911 என்னும் விரைவுக் காரை எடுத்துக்கொள்வோம். 1980-களின் இறுதி வரை செய்யப்பட்ட பழைய 911 கார்களை இன்றும் பலர் பேணிப் பாதுகாத்து ஓட்டிவருகிறார்கள்.

முறுக்குத் தண்டு

அந்தக் கார்களில் சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அல்ல. நேரான ஓர் எஃகுத் தண்டு. தண்டின் ஒரு முனை காரின் உடலோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனையில் ஒரு கரம், அக்கரத்தின் கோடியில் சக்கரம். சக்கரம் மேட்டில் ஏறும்போது கரம் உயர்கிறது; ஈரத்துணியைப் பிழிவதுபோல் தண்டு முறுக்கப்படுகிறது. முறுக்கும் திருப்புத்திறன் முறுக்கக் கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஹூக் விதியின் மற்றொரு வடிவமே இது. ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் வடிவமைப்பு அலுவலகம் 1931-லேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை கோரியது.

வில்லின் மீட்சித்தன்மை என்றென்றைக்கும் அப்படியே இருப்பதில்லை. பல பத்தாண்டுகள் சுமை தாங்கிய தண்டு சிறிது தளரக்கூடும். கரத்தைப் பற்றியிருக்கும் ரப்பர் இறுகிப்போகும். பழுதுபார்த்தவர் தண்டை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கவும் கூடும். விளைவு, ஒரு மூலை தாழ்கிறது.

காருக்குள் ஒரு வெர்னியர்

ஆய்வகத்தில் வெர்னியர் அளவியைக் கையாண்டிருப்பீர்கள். 911-இன் பின்பக்கத் தண்டிலும் அதே தத்துவம் ஒளிந்திருக்கிறது. தண்டின் உள்முனையில் சுற்றிலும் 40 பற்கள். வெளிமுனையில் 44 பற்கள். உள்முனையை ஒரு பல் நகர்த்தினால் தண்டு 360/40, அதாவது 9 பாகை திரும்பும். வெளிமுனையில் கரத்தை ஒரு பல் நகர்த்தினால் அது 360/44, அதாவது ஏறத்தாழ 8 பாகை 11 கலை திரும்பும்.

உள்முனையை முன்னோக்கி ஒரு பல்லும், கரத்தைப் பின்னோக்கி ஒரு பல்லும் நகர்த்துங்கள். கரம் மொத்தத்தில் எவ்வளவு திரும்பியிருக்கும்? இரண்டின் வேறுபாடு மட்டுமே: சுமார் 49 கலை. ஒரு பாகைக்கும் குறைவு! இதுவே இந்த அமைப்பின் மீச்சிற்றளவு. கணக்குக்காகக் கரத்தின் நீளம் 40 செ.மீ. என்று கொள்வோம். 9 பாகைக்குக் கரத்தின் முனை 6 செ.மீ.க்கு மேல் நகரும். 49 கலைக்கு 6 மி.மீ. கூட நகராது. பியேர் வெர்னியர் தம் அளவுகோலை 1631-இல் வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அது காரின் அடியில் பயன்பட்டது.

முன்சக்கரங்களின் தண்டுகளுக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. அங்கே ஒரு திருகைத் திருகியே உயரத்தை மாற்றலாம்.

தாழ்ந்த மூலைதான் குற்றவாளியா?

இடப்பக்கப் பின்மூலை தாழ்ந்திருக்கிறது. உடனே அதை உயர்த்திவிடலாமா? பொறுங்கள். நான்கு சக்கரங்களின் அடியிலும் நான்கு எடைமானிகளை வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு:

முன் இடம் 230 கிலோ, முன் வலம் 210
பின் இடம் 320, பின் வலம் 340

மொத்தம் 1100 கிலோ. இடப்பக்கம் 550, வலப்பக்கமும் 550. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் மூலைவிட்டமாகக் கூட்டுங்கள். முன் இடமும் பின் வலமும் சேர்ந்து 570; முன் வலமும் பின் இடமும் சேர்ந்து 530. மேசை ஆடுவதும் இப்படிப்பட்ட ஒரு மூலைவிட்டத்தின் மேல்தான்.

தாழ்ந்த மூலையில் எடை குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். அதன் தண்டு தன் பங்கைச் சுமக்கவில்லை என்று பொருள். மாறாக, அங்கே எடை கூடுதலாக இருந்தால்? அப்போது எதிர்மூலையாகிய முன் வலத்தை யாரோ அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கலாம். அதனால் இந்த மூலை அழுத்தப்பட்டுத் தாழ்ந்திருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எடைமானிதான் வேறுபாட்டைக் காட்டும்.

நம் எடுத்துக்காட்டில் பின் இடத்தை உயர்த்தினால் அதன் சுமை 10 கிலோ கூடி 330 ஆகட்டும். பின்பக்கக் கூடுதல் மாறக்கூடாது. எனவே பின் வலம் 330 ஆகக் குறையும். இடப்பக்கக் கூடுதலும் மாறாது. எனவே முன் இடம் 220. மீதி முன் வலத்துக்கு 220. ஒரு மூலையைத் தொட்டோம், நான்கும் மாறின. முன்பின் பங்கையும் இடவலப் பங்கையும் புவியீர்ப்பு மையமே தீர்மானிக்கிறது. தண்டைத் திருப்பி அவற்றை மாற்ற முடியாது. மூலைவிட்டப் பங்கை மட்டுமே மாற்றலாம்.

இது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. முன்சக்கரங்களில் ஒன்று குறைந்த சுமையோடு இருந்தால் பிரேக்கை அழுத்தும்போது அதுவே முதலில் பூட்டிக்கொண்டு வழுக்கும். கார் மறுபக்கம் இழுக்கும். விரைந்து செல்லும் காரில் இது உயிருக்கே ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

அளக்குமுன் தரை சமமாக இருக்க வேண்டும். டயர்களில் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். ஓட்டுநரின் இருக்கையில் அவர் எடைக்கு ஈடான பாரம் வைக்க வேண்டும். வலது, இடது சக்கரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டுகளைத் தற்காலிகமாகக் கழற்றிவிட வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய காரைச் சிறிது உருட்டி, அழுத்தி விட்டு, அது நிலைகொண்ட பிறகே அளக்க வேண்டும்.

இன்னொன்று. வலத் தண்டை இடப்பக்கம் மாட்டக்கூடாது. உற்பத்தியின்போதே ஒவ்வொரு தண்டும் ஒரு திசையில் மீட்சி எல்லையைத் தாண்டி முறுக்கப்பட்டு, அந்தத் திசைச் சுமைக்குப் பழக்கப்படுத்தப்படுகிறது. முறுக்கிய தண்டில் சேர்ந்துள்ள ஆற்றல் திடீரென விடுபட்டால் கரம் கையை முறித்துவிடும். ஆகவே இது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணி.

உங்களுக்கு ஒரு கணக்கு: தண்டின் இரு முனைகளிலும் 40 பற்களே இருந்தால் மீச்சிற்றளவு எவ்வளவு? 40, 41 என்று இருந்தால்? விடை கண்டபின், வெர்னியர் அளவியை எடுத்து அதன் கோடுகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.