பாய் நனைந்தால் பிள்ளையை வையாதீர்கள்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையெங்கும் பச்சையும் காவியுமாகப் பாதயாத்திரை அடியார்கள் திரண்டு செல்வர். குன்றக்குடி, நத்தம் வழியாகக் காவடி சுமந்து வருவோரும் இவ்வழியே நடப்பர். இரவானதும் மண்டபங்களில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரிப்பர். அந்தக் கூட்டத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று கண்மூட அஞ்சிக் கிடக்கும். இன்னொன்று ஆண்டுதோறும் ஏதேனும் காரணம் சொல்லிப் பாட்டியோடு வீட்டிலேயே தங்கிவிடும். முருகன்மேல் அன்பு குறைந்ததனால் அன்று. உறக்கத்தில் பாய் நனைந்துவிடுமோ என்ற அச்சத்தால்.

நெருப்போடு விளையாடியதன் பலன் என்பார்கள், சோம்பல் என்பார்கள், தாயத்தும் கட்டுவார்கள். இது குற்றமுமன்று, சாபமுமன்று. பழைய ஆயுர்வேத நூலான சார்ங்கதர சம்ஹிதையே இதனைக் குழந்தை நோய்களுள் ஒன்றாகத்தான் வைத்துள்ளது. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரசின் என்னும் ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு குறைவு. பை நிறைந்தும் விழிக்க இயலாத உறக்கம் வேறு சிலருக்கு. ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பிள்ளைகளுக்கு இது உண்டு. பெற்றோருக்கு இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் மிகுதி. கை ஓங்கும் தந்தையர் முதலில் தம் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம்!

பகலில் தண்ணீரைக் குறைக்கலாகாது. நன்கு பருகவிட்டு, மாலைக்குப்பின் அளவாகக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை அழுத்துமாதலால் கீரையும் பழமும் அவசியம். ஈரம் பட்டதும் ஒலியெழுப்பும் கருவி 1938-லேயே அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. மூன்று மாதம் பொறுமையாகப் பயன்படுத்தினால் பெரும்பாலோர்க்குப் பயன் தரும். தொடக்க நாட்களில் ஒலி கேட்டுப் பெற்றோர்தாம் எழுந்து பிள்ளையை எழுப்ப வேண்டும். யாத்திரை போன்ற சில நாட்களுக்கு டெஸ்மோபிரசின் மாத்திரை உதவும். அதனை மருத்துவர் சொன்னால் மட்டுமே தரலாம். விழுங்கிய இரவில் தண்ணீரை மிகக் குறைத்தாக வேண்டும்.

ஆறு மாதம் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தாலோ, எரிச்சல், அடங்காத தாகம், உடல் மெலிவு தென்பட்டாலோ காத்திருக்கலாகாது. சிறுநீர்த் தொற்றோ சர்க்கரை நோயோ இருக்கக்கூடும். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் தன்வந்திரியை வணங்கிய கையோடு, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ காட்டிவிட வேண்டும்.

பாதயாத்திரைக் குழுவின் குருசாமியிடம் தனியே சொல்லிவைத்தால் மண்டபத்தில் வாசலோரம் இடம் கிடைக்கும். மாற்றுடையும் ஒரு ரப்பர் விரிப்பும் பையில் இருக்கட்டும். இவ்வாண்டு அந்தப் பிள்ளையும் காவடி எடுக்கலாம்.