ஜிர்கோனியா பல்லும் சூளைச் சூடும்

அத்தாவுக்கு ஜிர்கோனியா கேப் போடலாம் என்றால் முதலில் விலையைத்தான் கேட்கிறோம். எப்படிச் சுட்டது என்று கேட்பதில்லை. சூளை பிசகினால் அகல்விளக்கு விரியும் என்பது விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தெரியும். ஜிர்கோனியாவும் பீங்கான் இனம்தான். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான்தான் அதன் மூலத்தாது.

சாக்கட்டி போல மிருதுவாக இருக்கும்போதே கடைந்து, சுமார் 1,500 டிகிரியில் சுடுவார்கள். ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் பெரிதாகவே கடைவது வழக்கம். அதில் கலந்த இட்ரியா, ஆறிய பிறகும் படிகங்களை உருமாறாமல் பிடித்து வைக்கிறது. விரிசல் வந்தால் அந்த இடத்துப் படிகம் மட்டும் உருமாறி, 4 சதவீதம் உப்பி, விரிசலை நெருக்கி நிறுத்தும். இதன் பலமே அதுதான். பலவீனமும் அதுவே: நாள்பட்ட ஈரத்தில் மேற்பரப்பு தானாக உருமாறினால் சொரசொரப்பும் நுண்விரிசலும் வரும்.

பிரான்ஸ் நிறுவனமொன்றின் ஜிர்கோனியா இடுப்புமூட்டுப் பந்துகள் உடைந்து, 2001இல் திரும்பப் பெறப்பட்டன. சூளை வகையை மாற்றியதில் வந்த வினை.

வாயில் இந்த மூப்பு மிக மெதுவாகவே நடக்கும், பயம் வேண்டாம். ஆனால் கேப் உயரமாக இருக்கிறதென்று டாக்டர் தேய்த்தால், திரும்பப் பாலிஷ் போடச் சொல்லுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லும் தேயும்.