கரையில் வாங்கும் மீனில் கவுச்சி எங்கே போகிறது?

பள்ளி லீவு விட்டால் திருப்பூரிலிருந்து கார்கள் கடலைத் தேடிக் கிளம்பிவிடும். தாராபுரம், மதுரை வழியாக ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் பக்கம் மீன் வாங்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மீனில் வாடையே இருக்காது. ஊரில் அதே மீனை அலசினால் சோப்புப் போட்டாலும் கையைவிட்டுப் போகாத கவுச்சி, இங்கே எங்கே போனது?

கடல்மீன் தன் தசையில் டிரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறது. உப்புநீரைச் சமாளிக்கவும், ஆழத்தின் அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலையாமல் இருக்கவும் அது உதவுகிறது. ஆழம் கூடக் கூட மீனில் இதன் அளவும் கூடும். இதற்கு மணமே கிடையாது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் இதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்தில் அமைன். மூக்கைப் பிடிக்கவைப்பது அதுதான். ஆற்று மீன்களில் மூலப்பொருளே பொதுவாகக் குறைவு. அணை மீனில் சில சமயம் அடிக்கும் சேற்று வாடை வேறு. அது நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின்.

எனக்கு இதைவிட வியப்பானது சுவையின் கணக்கு. செத்த மீனின் தசையில் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு உடைந்து, சில மணி நேரத்தில் இனோசினிக் அமிலமாகச் சேர்கிறது. உலர்த்திய சூரை மீனின் ருசிக்கு இதுவே காரணம் என்று 1913-இல் ஜப்பானின் ஷின்டாரோ கொடாமா கண்டுபிடித்தார். நாள் ஆக ஆக அதுவும் சிதைந்து, கசக்கும் ஹைப்போசாந்தின் ஆகிவிடும். விடிகாலையில் கரைக்கு வந்த மீனை மதியம் குழம்பு வைக்கிறவர்களுக்கு அந்த ருசி முழுசாகக் கிடைக்கிறது.

கோடை விடுமுறையில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பெரிய மீன் அரிதாகி, விலையும் ஏறும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் வலை விரித்துக் கொண்டுவரும் சாளையும் நெத்திலியும் பாறையும் நாள்கணக்கில் ஐஸில் கிடந்தவை அல்ல. கண் தெளிவாகத் துருத்தி நிற்கும், செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்திய இடம் உடனே எழும்பிவிடும்.

கவுச்சியை அடக்குவதில் புளிக்கும் பங்கு உண்டு. டிரைமெத்தில் அமைன் ஒரு காரம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைப் பிடித்து உப்பாக்கிவிடுவதால், ஆவியாகி மூக்குக்கு வர முடியாது. பாலக்காட்டுக் கணவாய் தாண்டிப் பொன்னானிக் கரைக்குப் போனால், அதே வேலையைக் குடம்புளி செய்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தால், குடலும் செவுளும் எடுத்துவிட்டு, பெட்டியில் ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்கி, உருகும் தண்ணீர் வடிய வழி வைக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் கடல்மீனில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களோ வெதுவெதுப்பான நீருக்குப் பழகியவை, ஐஸ் குளிரில் சுருண்டுவிடும். குளிர்நாட்டுக் கடல்மீனைவிட நம் மீன் ஐஸில் கூடுதல் நாள் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.