தொல்சிப்பித் துண்டுகளை அடையாளம் காணலும் தூய்மை செய்தலும்

பண்டைக் கடல்களில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள் படிவுகளில் புதைந்து கல்லோடு கல்லாக எஞ்சியவை தொல்சிப்பிகள் எனப்படும். தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இவை மிகுதியாகக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரெத்தேசியக் காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்ததே இதற்குக் காரணம்.

நிலமும் பாறையும்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள ராயப்பன்பட்டியைச் சுற்றிச் சார்னோக்கைட்டு, நைசு போன்ற உருமாறிய பாறைகளே உள்ளன. நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்திற்கு உட்பட்ட இப்பாறைகளில் சிப்பிகள் எஞ்சுவதில்லை. அங்கு வயலிலோ வாய்க்காலிலோ கிடைக்கும் வெள்ளை ஓடு பெரும்பாலும் அண்மைக்கால நத்தையுடையதே. எனவே, கிடைத்த இடத்தின் பாறையை அறிவதே முதற்படியாகும். காரை, கல்லங்குறிச்சி போன்ற ஊர்களின் படிவுப் பாறைகள் தொல்சிப்பிகளுக்குப் பெயர்பெற்றவை.

அடையாளம் காணல்

* கிரைபியா: தடித்து வளைந்த ஓர் ஓடும், மூடிபோன்ற தட்டையான மற்றோர் ஓடும் கொண்ட சிப்பி. உடைந்த விளிம்பில் ஏடு ஏடாக அடுக்குகள் தெரியும்.
* இனோசெராமசு: உடைந்த விளிம்பில் நுண்ணிய தூண்கள் நெருக்கமாக நிற்பதுபோல் காணப்படும்.
* கைக்காலிகள்: ஒவ்வோர் ஓட்டையும் நடுவில் பிரித்தால் இடமும் வலமும் ஒத்திருக்கும். பெரும்பாலான சிப்பிகளில் அவ்வாறு இராது.
* அம்மோனைட்டு: தட்டையான சுருள், உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் உண்டு. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் பலவற்றில் காணப்படுவதும் இதன் வடிவமே.
* பெலெம்னைட்டு: துப்பாக்கிக் குண்டு போன்றது. குறுக்கே உடைந்தால் நடுவிலிருந்து கதிர்கள் பரவுவது தெரியும்.

தூய்மை செய்யும் முறை

1. தூய்மை செய்யும் முன் ஒளிப்படம் எடுக்க வேண்டும்.
2. உலர்ந்த மென்தூரிகையால் மண்ணை நீக்க வேண்டும்.
3. களிமண் கல் நீரில் கரைந்து உதிரக்கூடும். எனவே ஓரத்தில் ஒரு துளி நீரிட்டுப் பார்த்த பின்னரே கழுவ வேண்டும்.
4. உறுதியான துண்டைப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்க்கலாம். ஒட்டிய மண்ணை மூங்கில் குச்சியால் நீக்கலாம்.
5. நிழலில் உலர்த்த வேண்டும்.

வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிவறைத் தூய்மைத் திரவம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு ஆகும். அமிலம் பாறையோடு ஓட்டையும் கரைத்துவிடும். வளர்ச்சிக் கோடுகள் அழிந்தால் இனத்தை அறிவது கடினம். ஐயம் எழுந்தால் மண்ணை அப்படியே விடுவது நல்லது.

குறிப்பும் ஒழுங்கும்

ஊர், நாள், பாறையின் தன்மை ஆகியவற்றை எழுதித் துண்டுடன் வைக்க வேண்டும். இடம் தெரியாத துண்டு அழகுப் பொருள் மட்டுமே. இடம் தெரிந்த துண்டு பண்டைக் கடலுக்குச் சான்று. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்காக வெட்டப்படுவதால், பதிவு செய்யாதவை மீளக் கிடைப்பது அரிது. சுரங்கங்களில் அனுமதியின்றி நுழையக் கூடாது. சாத்தனூர் கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் எடுக்கக் கூடாது. அரிதெனத் தோன்றும் துண்டைப் பெயர்க்காமல், படம் எடுத்து அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்குத் தெரிவிக்கலாம்.