பழைய காருக்குப் பழைய காரா?

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் ஆசை இது. கையில் இருப்பது மாஸ்டா எம்.எக்ஸ்.5. அதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணமும் போட்டு, போர்ஷே பாக்ஸ்டர் வாங்கலாமா?

மாஸ்டா, 1989-ல் வந்த ஜப்பான் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடக்கிவிடலாம். என்ஜின் லேசில் தகராறு செய்யாது. அதன் எதிரி உப்பு! குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க, அங்கே உப்புத் தூவுகிறார்கள். அது கதவுக்குக் கீழே உள்ள தகட்டை அரித்துவிடுகிறது. வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே ஓட்டை! அப்படித் துருப்பிடித்த கார் வருடாந்திரச் சோதனையில் தேறாது.

பாக்ஸ்டர், 1996-ல் வந்த ஜெர்மன் கார். 6 சிலிண்டர். என்ஜின் இருப்பது இருக்கைக்குப் பின்னால். அதன் உறுமலைக் கேட்டே மயங்கியவர்கள் உண்டு. ஆனால், முதலில் வந்த கார்களின் என்ஜினுக்குள் ஒரு சின்னப் பேரிங் இருக்கிறது. அது உடைந்தால் முழு என்ஜினும் போச்சு! ரிப்பேர் செலவு கார் விலையையே தாண்டிவிடலாம்.

பேரிங் மாற்றியதற்கு விற்பவரிடம் ரசீது இருக்கிறதா? இருந்தால் விலை பேசலாம். இல்லாவிட்டால், அந்தப் பணத்தில் மாஸ்டாவின் துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துகொள்வதே லாபம்.